ஹெரியின் இடம்

இந்த ஊரில் சோறு அடிப்பிடித்தால்தான் சமையல் முடிந்தது என்று அர்த்தம். சோற்றை வழித்து எடுத்த பிறகு, பானையின் அடியில் கருகி ஒட்டியிருக்கும் பொருக்கின்மேல் தண்ணீரை ஊற்றி மறுபடியும் கொதிக்கவிட்டு, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தராமல் விருந்தாளியை அனுப்புவது மரியாதைக் குறைவு. ஆரணியில் எங்கள் வீட்டில் சோறு லேசாகக் காந்தல் அடித்தாலே அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து வளர்ந்தவள் நான். மடகாஸ்கருக்கு வந்த முதல் வாரம், ரவாவு என்ற விதவை அம்மாள் ஒரு டம்ளர் நிறைய அந்தக் கருகல் தண்ணீரை என் முன்னால் வைத்தபோது, ஊழியத்துக்கு வந்தவள் எதையும் மறுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். உடனே இன்னொரு டம்ளர் வந்தது. அதையும் குடித்தேன். டம்ளர் காலியானால் அவர்கள் நிரப்புவார்கள், போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்பது நான்காவது டம்ளரில்தான் எனக்கு உறைத்தது.

நான் லில்லி. இருபத்து மூன்று வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. அம்மா நான் நர்சிங் படிக்கும்போதே போய்விட்டார். நாற்பத்தைந்து வயதில் வெளிநாட்டு ஊழியம் என்று கிளம்பி வந்துவிட்டேன். எங்கள் குழுவில் நான்கு பேர். நாங்கள் இருக்கும் கிராமம், ஆன்ட்சிராபே என்கிற பட்டணத்திலிருந்து தெற்கே டாக்ஸி-ப்ரூஸ் எனப்படும் நெரிசல் வேனில் அரை நாள் தூரம். சிவப்பு மண் குன்றுகள், படிப்படியாக நெல் வயல்கள், ஜூலையில் எலும்பைக் குத்தும் குளிர். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போடுவோம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்போம், கடைசியில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜெபம் செய்வோம். இங்கே ஏற்கெனவே எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நாலு குரலில் பாடினால் நம் சபைப் பாடகர் குழு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடும். பிறகு நீ எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

“அங்கதான் கோயில் இருக்குது, பாதிரி ஐயர் இருக்காருன்னு சொல்றியே. நீ போய் இன்னாத்த புதுசா சொல்லப் போற?” என்றார். அவர் நாற்பது வருடம் பட்டு நெய்தவர். கண் மங்கி, தறியை விட்டு இறங்கி, ஏழெட்டு வருடமாக வீட்டோடு இருந்தார். நான் வியாக்கியானம் செய்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி போ. ஒண்ணே ஒண்ணு. நான் போயிட்டேன்னு ஃபோன் வந்தா ஜல்தியா வந்துடு. நீ வந்து மண்ணு போட்டாதான் எனக்கு” என்றார். குழியில் பெட்டியை இறக்கிய பிறகு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவது நம் வழக்கம். அதைத்தான் சொன்னார். “பிளேன் எதுக்குப்பா இருக்குது, ஒரே நாள்ல வந்து நிப்பேன்” என்று சிரித்தேன். எனக்கு எப்போதும் கொஞ்சம் வாய்க்கொழுப்பு அதிகம்.

இந்தியர்களை இங்கே கரானா என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கும் வடநாட்டு வியாபாரிகளுக்கு வந்த பெயர். என்னைப் பார்த்ததும் ரவாவு கேட்ட முதல் கேள்வி, “உன் கடை எங்க இருக்குது?” என்பதுதான். கடை இல்லை என்றால் நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து, எனக்கு மொழி கொஞ்சம் வந்த பிறகு, என் அப்பா பட்டு நெய்தவர் என்று ஒரு நாள் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் பேச்சை நான் ஆரணித் தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் என் காதில் அப்படித்தான் விழுகிறது. “அப்ப உங்க அப்பா பெரிய மனுசன். செத்தவங்களுக்குத் துணி நெய்றவரு” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீச்சீ, எங்கள் ஊர்ப் பட்டு கல்யாணத்துக்கு, பொண்ணு கட்டிக்கொள்வதற்கு என்றேன். “ஒரு நாள் கட்டிக்கிறதுக்கா பட்டு?” என்று அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அவள் சொன்னதன் பொருள் பிறகு தெரிந்தது. இவர்கள் வீட்டை மண் செங்கல்லால் கட்டுவார்கள், கல்லறையைக் கருங்கல்லால் கட்டுவார்கள். குடும்பத்துக்கு ஒரு கல்லறை. உள்ளே நம் ரயில் பெர்த் போல் கல்லில் அடுக்கடுக்காகப் படுக்கைகள். செத்தவர்களைப் பட்டில் சுற்றி அங்கே படுக்க வைப்பார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை, குளிர் மாதங்களில், கல்லறையைத் திறந்து அவர்களை வெளியே எடுத்து, புதுத் துணி சுற்றி, தோளில் தூக்கி மேளதாளத்தோடு ஆடி, மறுபடி உள்ளே வைப்பார்கள். ஃபமதிஹானா என்று அதற்குப் பெயர். வெளியூரில் செத்தவனை அங்கேயே தற்காலிகமாகப் புதைத்திருந்தால், அவன் எலும்பைக் கொண்டுவந்து குடும்பத்தோடு சேர்ப்பதும் அப்போதுதான். அப்படிச் சேராதவன் இவர்கள் கணக்கில் இன்னும் வீடு வந்து சேராதவன்.

ரவாவின் ஒரே மகன் ஹெரி அப்படிக் கிடந்தான். கிழக்குக் கடற்கரையில் கிராம்பு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனவன், இருபத்து நாலு வயதில் காய்ச்சலில் செத்துப் போனான். ஒரு ஆற்றுமுகத்தை ஒட்டிய இடுகாட்டில் அவனைப் புதைத்துவிட்டு அவன் கூட்டாளிகள் செய்தி அனுப்பினார்கள். நான் வந்த இரண்டாவது வருடம் ஜூலையில் அவனைக் கொண்டுவருவதாக இருந்தாள். அதற்காக மூன்று வருடம் கோழி வளர்த்து, வேலைக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்திருந்தாள். பட்டும் வாங்கி வைத்துவிட்டாள். பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினாள். காட்டுப் பட்டுப்பூச்சியின் நூல், சாயம் போடாத பழுப்பு, கோணி மாதிரி முரட்டு நெசவு. நான் ஆரணிக்காரி இல்லையா, இரண்டு விரலால் உரசிப் பார்த்து, “இதுவா பட்டு” என்று தமிழில் சொல்லிச் சிரித்தேன். அவள் நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நான் அவளைத் தடுத்தேன். இவர்கள் போதகரே தன் தகப்பனுக்குத் துணி மாற்றியவர், அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆரணியில் பக்கத்து வீட்டில் பதினாறாம் நாள் காரியம் என்றால் அன்று முழுக்க எங்களை வெளியே விடமாட்டார்கள். படையல் சோறு வந்தால் வாங்கக் கூடாது. செத்தவர்களுக்கு எதையும் செய்வது அவிசுவாசம் என்று பாலோடு சேர்த்து ஊட்டியிருந்தார்கள். அந்தப் பயத்தைத்தான் நான் பெட்டியில் மடித்து இவ்வளவு தூரம் கொண்டு வந்திருந்தேன். மூன்று வாரம் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். ஹெரி கர்த்தரிடம் இருக்கிறான், அங்கே கிடப்பது வெறும் மண் என்றேன். மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்று, அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு உதவும் என்றேன். அவள் ஒரே ஒரு தடவைதான் எதிர்த்துப் பேசினாள். “கோயில்ல பிரசங்கத்துல கேட்டேனே, வேதத்துல அந்த ஜனங்க தங்க பெரியவரோட எலும்பை வனாந்தரம் பூரா தூக்கிக்கினு போய் சொந்த ஊருல பொதைச்சாங்கன்னு. அவங்க மட்டும் தூக்கலாமா?” என்றாள். அது பழைய காலம் என்று ஏதோ கெட்டிக்காரத்தனமாகச் சொல்லி வாயை அடைத்தேன். கடைசியில் ஒரு நாள், “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அந்த மாதமே கூரைக்குத் தகரம் ஏறியது.

அந்தப் பளபளக்கிற தகரக் கூரையைப் போட்டோ எடுத்து ஆரணிக்கு அனுப்பினேன். மாதா மாதம் சபைக்கு நான் ஒரு கடிதம் எழுதுவேன், ஞாயிறு ஆராதனையில் அதை வாசிப்பார்கள். ஒரு தாய் இருளின் கட்டிலிருந்து விடுதலையானாள் என்று அந்த மாதம் எழுதினேன். அன்று அந்தக் கடிதத்தைக் கேட்டு ஸ்தோத்திரம் சொன்னவர்களில் சிலர் இதையும் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதை வாசித்த மறுநாள் அப்பா ஃபோனில் பேசினார். “உன் கடுதாசி படிச்சாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குப் பெருமையா இருந்துது” என்றார். பிறகு, “அந்தம்மா தன் புள்ளையப் பொதைச்ச எடத்த ஒரு வாட்டியாவது போய்ப் பாத்துச்சா?” என்று கேட்டார். இல்லைப்பா, ரொம்ப தூரம் என்றேன். “ம்” என்றார். அந்த “ம்” எனக்குப் பிடிக்கவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன ஜனவரியில் அப்பா போய்விட்டார். காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி சாமு ஃபோன் செய்தபோது நான் ஒரு வீட்டில் குழந்தையைத் தராசுத் தொட்டிலில் வைத்துக்கொண்டிருந்தேன். என் பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்காகத் தலைநகரில் ஒரு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. குழுத்தலைவர் யார் யாரையோ பிடித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் இங்கிருந்து ஆரணி போய்ச் சேர மூன்று நாள் ஆகும். “ஐஸ் பெட்டில வச்சாலும் நாளைக்கு சாயந்தரத்துக்கு மேல தாங்காதுக்கா. சொந்தக்காரங்கல்லாம் வந்துகினு இருக்காங்க. நான் இன்னா பண்றது சொல்லு” என்று சாமு அழுதான். எடுத்துடு என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள், இங்கே மத்தியானம், அங்கே சாயந்தரம், ரவாவு வீட்டில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தேன். அவள் வீடு மேட்டில் இருந்தது, அங்கேதான் சிக்னல் கொஞ்சம் நிற்கும். வேப்ப மரம், சபை ஐயாவின் வெள்ளை அங்கி, யார் யாரோ முதுகுகள். பெட்டி குழிக்குள் இறங்கத் தொடங்கியதும் படம் அப்படியே உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது மண் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. சாமு கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரவாவு என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில் கேட்டாள்: “மறுபடி எப்பத் தொறப்பீங்க?”

திறக்கமாட்டோம் என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் மொழியைத் தப்பாகப் பேசுகிறேன் என்று நினைத்து, வேறு மாதிரி கேட்டாள். “இல்ல, நீ ஊருக்குப் போவ இல்ல, அப்ப. அப்பத் தொறந்து உனக்குக் காட்டுவாங்க இல்ல?” எங்கள் ஊரில் ஒரு தடவை மூடினால் மூடியதுதான் என்று சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. “அப்ப நீ எப்பத்தான் அவரப் பாப்ப?” என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. அவள் வீட்டுத் தரையில் விழுந்து அழுதேன். மூன்று நாள் அவள் என்னை விட்டு நகரவில்லை. வேலைக்குப் போகவில்லை. ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆயிரம் வீட்டில் ஆயிரம் வசனம் சொல்லியிருப்பேன், எனக்கு ஒன்றுகூட ஒத்தாசைக்கு வரவில்லை. அப்பாவின் ஆவி கர்த்தரிடம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அவருடைய கால் பெருவிரல். அந்தப் பெட்டி மூடும் முன் அதை ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். மூன்றாம் நாள்தான் எனக்கு ஹெரி ஞாபகம் வந்தான்.

ரவாவிடம் சொன்னேன், நான் செய்தது தப்பு என்று. வரும் ஜூலையில் ஹெரியைக் கொண்டுவரலாம், பணத்துக்கு நான் பொறுப்பு, உன்னோடு நானே கடற்கரைக்கு வருகிறேன் என்றேன். “நெசமாவா சொல்ற?” என்றாள். அன்றிலிருந்து அவள் நடையே வேறாக இருந்தது. பட்டை வெயிலில் போட்டு எடுத்தாள். எந்த வண்டியில் போவது, ஹெரியின் எந்தச் சித்தப்பன் கூட வருவது, வழியில் எங்கே தங்குவது என்று தினமும் திட்டம். என் துக்கத்துக்கு நடுவில் அதைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் இதமாக இருந்தது.

பிப்ரவரியில் புயல் வந்தது. எங்கள் மேட்டு நிலத்தில் வெறும் மழைதான், நாலைந்து மரம் விழுந்தது. ரவாவின் தகரக் கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடற்கரையில் ஆறும் கடலும் சேர்ந்து கரையை அறுத்துக்கொண்டு போய்விட்டன. இரண்டு வாரம் கழித்து ஹெரியின் கூட்டாளி ஒருவன் ஃபோன் செய்தான். இடுகாடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் ஓடுகிறது என்றான். போய்த் தேடிப் பார்த்தார்களாம். எதுவும் யாருடையது என்று சொல்ல முடியாதபடி இருந்ததாம். ரவாவு ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் அவள் பின்னால் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? முந்தின ஜூலையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அவன் இன்று தன் தகப்பன் பக்கத்தில் படுத்திருப்பான்.

பத்து நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மற்ற வீடுகளுக்குப் போனேன், குழந்தைகளை எடை போட்டேன், ஜெபம் செய்ய மட்டும் குழுவில் வேறு ஆளை அனுப்பினேன். பதினோராம் நாள் அவளே வந்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் கையில் அந்தப் பழுப்புப் பட்டு இருந்தது. “என் புள்ளைக்கு இனிமே இது தேவைப்படாது. நீ ஊருக்குப் போவ இல்ல, உங்க அப்பாவுக்குப் போத்து” என்றாள். வேண்டாம் என்றேன். காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்திவிட்டாள். “துணி சும்மா கெடக்கக் கூடாது” என்றாள். என்னைத் திட்டாமல் விட்டது அவள் பெருந்தன்மையா, திட்டக்கூடத் தெம்பு இல்லாமல் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏப்ரலில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது, ஆரணிக்குப் போனேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சாமு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு விடச் சொன்னேன். சிமெண்டு பூசி, சிலுவை நட்டு, அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒரே பலகையில் எழுதியிருந்தது. நான் பட்டைப் பையிலிருந்து எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். குழியைத் திறக்க முடியுமா என்று கேட்டேன். “பைத்தியமாக்கா உனக்கு? மூணு மாசம்தான் ஆவுது” என்றான். மூன்று மாதம்தான் ஆகிறது என்று அவன் சொன்ன தினுசு எனக்கு இடித்தது. அப்படியென்றால் எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன்.

“அடுத்து நம்ம வீட்டுல யாராவது போனாத்தான். எடம் ஏது? அப்பாவுக்கே அம்மா குழியத்தான தொறந்தோம்” என்றான் சாமு.

நான் கேட்டேன்: “அப்ப அம்மா?”

“அம்மா எலும்பு கொஞ்சம் இருந்துச்சுக்கா. பொறுக்கி எடுத்து, புதுசா ஒரு வெள்ளத் துணி வாங்கினு வந்து அதுல கட்டி, அப்பா கால்மாட்டுல வச்சோம். எப்பவும் அப்படித்தான் பண்றது. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்பிள்ளைகள் போகமாட்டோம். காலையிலேயே ஆண்கள் போய் எல்லாம் முடித்துவிடுவார்கள், சாயந்தரம் நாங்கள் பெட்டிக்குப் பின்னால் பாடிக்கொண்டு போவோம். சபை மூப்பர்தான் பக்கத்தில் நின்று அம்மாவின் எலும்பைத் துணியில் முடியச் சொல்லிக் கொடுத்தாராம். என் கடிதத்துக்கு முதலில் கை தட்டியவரும் அவர்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தாயின் எலும்பை என் தம்பி புதுத் துணியில் கட்டினான், ஒரு மூப்பர் ஜெபம் செய்தார், யாரும் அதை இருள் என்று சொல்லவில்லை. அதையே தன் மகனுக்குச் செய்ய வழிச்செலவுக்கு மூன்று வருடம் கோழி வளர்த்தவளிடம் போய், அது கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தச் சிமெண்டு மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நான் அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து சாமு முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பட்டை அவன் வீட்டு பீரோவில் வைத்தோம். அடுத்த முறை குழி திறக்கும்போது அப்பாவுக்குச் சுற்றுவது என்று பேச்சு. அதைச் சொல்லும்போதே அவனுக்கு ஒரு தயக்கம். அவன் பிள்ளைகள் இரண்டும் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள், அவனும் அங்கேயே போகிறான், அங்கே சபை மூலம் கல்லறைக்கு இடமும் வாங்கிவிட்டான். “எங்களுக்கெல்லாம் இனிமே அங்கதான்கா. இங்க தொறக்கணும்னா…” என்று நிறுத்தினான். மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன். இனி ஆரணியில் அந்தக் குழியைத் திறப்பதென்றால் அது எனக்காகத்தான். நான் போய்ச் சேர்ந்தால்தான் அப்பாவுக்குப் பட்டு. “நீ இருக்கிற எடத்துல இருந்து உன்ன நான் எப்படிக் கொண்டாறது? அங்க எல்லாம் விட்டுட்டு வந்துடுக்கா” என்றான். ஒரு மாத விடுப்பு முடிந்ததும் திரும்பி வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று கேட்டால், ரவாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

வந்த அன்றே போய்ச் சொன்னேன். அப்பாவுக்குச் சுற்றினாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். பிறகு அம்மாவின் எலும்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியாமல் போயிற்று, தெரியாமல் உன்னைத் தடுத்துவிட்டேன் என்றேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “உங்க அம்மாவ ஒண்ணா வச்சாங்களே, அது நல்லது” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி அரிசியைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் கண்ணிலிருந்து வடிந்தது முறத்தில் சொட்டியது. அதற்கு நான்தான் காரணம், துடைக்க எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் அவள் குடும்பக் கல்லறையைத் திறந்தார்கள், அவள் புருஷனுக்குத் துணி மாற்ற. என்னையும் வரச் சொன்னாள். குழுத்தலைவருக்குப் பிடிக்கவில்லை, நான் போனேன். குழல் ஊதினார்கள், மேளம் அடித்தார்கள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஆடினார்கள். ரவாவு தன் புருஷனை மடியில் கிடத்தி, புதுத் துணி முடிச்சைப் போட்டபடி, வீட்டு விஷயமெல்லாம் சொன்னாள். கூரை மாற்றியதையும் சொன்னாள். யார் சொல்லி மாற்றினாள் என்பதைச் சொல்லவில்லை. சாயந்தரம் எல்லாரையும் உள்ளே வைத்த பிறகு, கல்லை மூடும் முன், என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். குனிந்துதான் போக வேண்டும். மண்ணும் பழைய துணியும் கலந்த வாசம். அவள் புருஷனுக்கு மேல் அடுக்கில் ஒரு கல் படுக்கை வெறுமையாக இருந்தது. சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள்.

“இது ஹெரி எடம். அவன் இனி வரமாட்டான்” என்றாள். கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, “உனக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. உன் தம்பியும் ஊரை விட்டுப் போறான்னு சொன்ன. நீ இங்க இருக்கும்போது உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன்ன வெளிய விடமாட்டேன். இங்கயே படுத்துக்க. பேசியாச்சு, சித்தப்பனுங்க எல்லாம் சரின்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

ஆரணியில் பீரோவில் மடித்து வைத்திருக்கும் பட்டு, நான் வந்து சேர்ந்தால்தான் அப்பாவுக்குக் கிடைக்கும். இங்கே, நான் வரவிடாமல் செய்தவனின் படுக்கையை அவனைப் பெற்றவளே எனக்குக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள். நான் இங்கே படுத்தால் அப்பா அங்கே வெறும் பெட்டியோடு கிடப்பார். அங்கே போனால் இந்தக் கல் காலியாகவே இருக்கும், அதை இவள் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே கல்லை மூட ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பதிலுக்காக என்னையே பார்த்தாள். நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா என்பது எனக்கே தெரியவில்லை. அவள் என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, “சரி” என்றாள்.